இமயம் சாய்ந்தது என்று எழுதாதீர்கள்

எங்கள் காரிமங்கலத்தில் யாராவது பெரியவர் இறந்துபோனால் மறுநாளே பஸ் நிற்கும் இடத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துவிடும். காரிமங்கலம் என்ன, எல்லா ஊரிலும் இதுதான். "இமயம் சாய்ந்தது", "ஆலமரம் வீழ்ந்தது", "இறைப்பற்று மிக்கவர்", "குடும்பத்தின் குலவிளக்கு", "ஊருக்கு உழைத்த உத்தமர்". கீழே பேரன் பேத்திகளின் பெயர்ப் பட்டியல், அதற்குக் கீழே அச்சகத்தின் செல்போன் நம்பர்.

கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அழுதுகொண்டே வேலை பார்க்கும் வீட்டில் அந்த நேரத்தில் யாருக்கு வாக்கியம் தோன்றும்? அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கிற வாக்கியத்தை வாங்கிக்கொள்கிறோம். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பெயரையும் போட்டோவையும் மாற்றிவிட்டால் அதே போஸ்டர் அடுத்த தெருவுக்கும் பொருந்தும். பக்தி, குடும்பம், தொண்டு என்ற மூன்று சொல்லில் ஒரு மனிதரின் எண்பது, தொண்ணூறு வருஷத்தை முடித்துவிடுகிறோம். எல்லாருக்கும் பொருந்துகிற சொல் யாரையும் நினைவுபடுத்தாது. போஸ்டர் கிழியும்போது ஆளும் மறந்துபோகிறார்.

என் கருத்து இதுதான். தாத்தாவைப் புகழ்வது வேறு, நினைவில் வைத்திருப்பது வேறு. நினைவில் வைப்பது என்றால் அவர் செய்தது, செய்யாமல் விட்டது, தவறாகச் செய்தது எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருப்பது. இதைச் சொல்ல ஒரு நல்ல உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து கிருஷ்ணகிரி, சூளகிரி தாண்டி ஓசூர் பக்கம் போனால் தொரப்பள்ளி. அங்கே 1878 டிசம்பர் 10-ம் தேதி பிறந்து, 1972 டிசம்பர் 25-ம் தேதி சென்னையில் இறந்துபோன ஒரு தாத்தா. 94 வருஷம். ராஜாஜி.

(ராஜாஜி என்றதும் முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சுளிக்கும் காரணமும் கீழே வருகிறது!)

முதலில் ஒரு பூகோளத் தகவல். அப்போது தர்மபுரி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. நம் ஊர், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் ஜில்லாதான். 1965 அக்டோபர் 2-ல்தான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. எனவே ராஜாஜி "சேலத்து வக்கீல்" என்று புத்தகங்களில் வரும்போது அந்தச் சேலத்துக்குள் நாமும் இருந்தோம்.

குடும்பம்

"குடும்பத்தைக் கட்டிக் காத்தவர்" என்று எழுதுவது சுலபம். எதைக் கொடுத்துக் கட்டினார் என்பதுதான் கேள்வி.

ராஜாஜியின் மனைவி அலமேலு மங்கம்மாள். 1897-ல் கல்யாணம். மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். ராஜாஜிக்கு நாற்பது வயது ஆவதற்கு முன்பே அந்த அம்மாள் இறந்துவிட்டார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. நல்ல வருமானம் வந்த வக்கீல் தொழிலைக் காந்தி சொன்னார் என்று விட்டார். 1921 டிசம்பரில் ஜெயிலுக்கும் போனார். தாய் இல்லாத வீட்டில் அப்பாவும் ஜெயிலில். இதை "தியாகம்" என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் அந்தத் தியாகத்தில் பாதி பிள்ளைகள் செய்தது இல்லையா? மூத்த மகள் நாமகிரி கணவரை இழந்தபின் அப்பாவுடனேயே இருந்து கடைசிவரை அவரைக் கவனித்துக்கொண்டார். ஒரு தலைவரின் எளிமையான வாழ்க்கைக்குப் பின்னால் சமையலறையில் ஒரு மகள் இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அலமேலு மங்கம்மாளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? சிறுமியாக மணமாகி, ஐந்து பெற்று, இளவயதில் போய்விட்டார் என்பதற்கு மேல் மிகக் கொஞ்சம். இது ராஜாஜி வீட்டுக் கதை மட்டுமா? நம் வீட்டுப் போஸ்டர்களிலும் தாத்தாவுக்கு ஆறு பட்டம் இருக்கும், பாட்டிக்கு "அன்னாரின் துணைவியார்" என்பதோடு சரி.

இன்னொரு விஷயம். இளைய மகள் லட்சுமியும் காந்தியின் கடைசி மகன் தேவதாஸும் விரும்பினார்கள். ஜாதி வேறு, மொழி வேறு, மாகாணம் வேறு. இரண்டு அப்பாக்களும் உடனே தலையாட்டவில்லை. சில வருஷம் பிரிந்திருங்கள், அதன் பிறகும் இதே எண்ணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் காத்திருந்தார்கள். 1933 ஜூனில் பூனாவில் கல்யாணம் நடந்தது. அவர்களுக்குத் தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரன், கோபாலகிருஷ்ணன் என்று நான்கு பிள்ளைகள். ஒரு பக்கத் தாத்தா காந்தி, இன்னொரு பக்கத் தாத்தா ராஜாஜி.

1933-ல் ஒரு வைஷ்ணவக் குடும்பத்து அப்பா, தயக்கத்தோடுதான் என்றாலும், ஒத்துக்கொண்டார். கிட்டத்தட்ட எண்பது வருஷம் கழித்து, 2012 நவம்பரில், இதே தர்மபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாய் பக்கம் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன. குடும்பத்தின் மானம் என்று பேசுகிற தாத்தாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குடும்பம் என்றால் என்ன என்று ஒரு தாத்தாவிடம் கற்றுக்கொள்வதாக இருந்தால், அவர் பேத்தியின் கல்யாணத்தில் என்ன செய்தார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பக்தி

ராஜாஜி நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போன பக்தர் அல்ல. ஆனால் அவருடைய பக்தி தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போனது. வியாசர் விருந்து, சக்கரவர்த்தித் திருமகன் இரண்டும் பாரதத்தையும் ராமாயணத்தையும் பண்டிதர் உதவி இல்லாமல் படிக்கும்படி செய்தன. சின்னச் சின்ன வாக்கியம், பாட்டி கதை சொல்லும் நடை. சக்கரவர்த்தித் திருமகனுக்கு 1958-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. முதலமைச்சராக, கவர்னர் ஜெனரலாக இருந்தவர் "என் வாழ்க்கையில் செய்த நல்ல வேலை இந்தக் கதைகளை எழுதியதுதான்" என்கிற மாதிரி நினைத்தார் என்பது படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் பக்தியை அளக்க எனக்கு வேறு அளவுகோல். கோயிலுக்கு எத்தனை தடவை போனார் என்பது முக்கியமில்லை. கோயிலுக்குள் போகாதே என்று தடுக்கப்பட்டவர்களுக்காக என்ன செய்தார்? 1939 ஜூலை 8-ம் தேதி, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலித் மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்தார். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர் (முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்) ராஜாஜி. நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்த அதிகாரிகள் மீதும் வழக்குப் பாயாமல் இருக்க அவசரச் சட்டம் போட்டு, பிறகு அதைச் சட்டமாகவும் ஆக்கினார். சனாதனிகள் திட்டினார்கள். அவர்களில் பலர் அவருடைய சொந்தச் சாதிக்காரர்கள். அந்த ஒரு சட்டம் அவர் பக்தியைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு நூறு விரதம் சொல்லாது.

தொண்டு

1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் அந்த ஊர் ஜமீன்தார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் என்று வேலை. மதுவிலக்குக்காகவே "விமோசனம்" என்று ஒரு பத்திரிகை. அதில் அவருக்குக் கீழே வேலை பார்த்த இளைஞர்தான் பின்னாளில் எல்லாரும் கொண்டாடிய கல்கி.

1937-ல் ஆட்சிக்கு வந்ததும் முதல் வேலையாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மாகாணம் முழுக்க அல்ல, சோதனையாக ஒரே ஒரு ஜில்லாவில். அது எது? நம்ம சேலம் ஜில்லா! 1937 அக்டோபர் 1 முதல். அதாவது காரிமங்கலம் உட்பட இந்தப் பக்கத்துக் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் அன்றைக்கு மூடப்பட்டன.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. கடையை மூடினால் அரசாங்கத்துக்கு வருமானம் போகும். கண்ணை மூடிக்கொண்டு "நல்லது நடக்கட்டும்" என்று அவர் விட்டுவிடவில்லை. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். பொதுவான விற்பனை வரி இந்தியாவிலேயே அதுதான் முதல். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் பின்னால் எல்லா மாநிலங்களும் அதே வழிக்கு வந்தன. தொண்டு என்றால் மனசு நல்லதாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். மனசோடு கணக்கு நோட்டும் வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

அந்த மதுவிலக்கு பிறகு என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது, 1971-ல் தளர்த்தப்பட்டது. தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி மழையில் போய் முதல்வர் கருணாநிதியைச் சந்தித்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலன் இல்லை. பிறகு மறுபடி மூடி, மறுபடி திறந்து, 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்து, 2003-ல் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்த ஆரம்பித்தது. விற்பனை வரியும் தங்கிவிட்டது, மது வருமானமும் திரும்பி வந்துவிட்டது. தாத்தா ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுத்தார். நாம் இரண்டையும் எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு பக்கம்

இத்தோடு நிறுத்தினால் இதுவும் ஒரு போஸ்டர்தான். கொஞ்சம் நீளமான போஸ்டர்!

1938-ல் இதே ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்களை ஜெயிலில் போட்டார். நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் 1939-ல் சிறைக்காவலில் நோய்வாய்ப்பட்டு இறந்தார்கள். அவர்கள் தாத்தா ஆகும் வயதை எட்டவே இல்லை. ராஜாஜி பதவி விலகிய பிறகு, 1940 பிப்ரவரியில்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது.

1953-ல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் சொன்ன காரணம், இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியர்களையும் வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது. கணக்கு சரிதான். ஆனால் சாதியும் தொழிலும் ஒன்றாகக் கட்டப்பட்ட ஊரில் "அப்பா தொழிலைக் கற்றுக்கொள்" என்றால் அதற்கு என்ன அர்த்தம்? வக்கீல் பிள்ளை வக்கீல் ஆவான், வண்ணார் பிள்ளை? "குலக்கல்வித் திட்டம்" என்று பெயர் வைத்துப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போனது. தர்மபுரி மாதிரிப் பின்தங்கிய பக்கத்திலிருந்து முதல் தலைமுறையாகக் காலேஜுக்குப் போகிறவர்கள் இதை மறக்க முடியாது, மறக்கவும் கூடாது.

விற்பனை வரி விஷயத்தில் கைகொடுத்த அதே கணக்கு நோட்டு இங்கே கவிழ்த்துவிட்டது. நோட்டில் பள்ளிக் கட்டடம் இருந்தது, ஆசிரியர் எண்ணிக்கை இருந்தது. அந்தப் பையன் வீட்டுக்குப் போனால் என்ன வேலை காத்திருக்கிறது என்பது இல்லை.

ஒரு பேரன் என்ன செய்தார்?

ராஜ்மோகன் காந்தி, தன் தாத்தா ராஜாஜியின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் முதலில் இரண்டு பாகமாக (1978, 1984) எழுதினார். பிறகு 1997-ல் ஒரே நூலாக வந்தது. அதற்கு 2001-ம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது. தாத்தாவுக்கும் அகாதமி விருது, தாத்தாவைப் பற்றி எழுதிய பேரனுக்கும் அகாதமி விருது! விருதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது ஒன்று. அவர் 1942-ல் தாத்தா காங்கிரசைவிட்டு விலகி நின்றதையும், 1953 திட்டத்தையும், இன்னொரு தாத்தாவான காந்தியோடு நடந்த கருத்து மோதல்களையும் விட்டுவிடாமல் எழுதினார். அன்போடுதான் எழுதினார். பேரன் எழுதினால் அன்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் அன்பு இருக்கிறது என்பதற்காகப் பக்கங்களைக் கிழிக்கவில்லை.

"செத்தவங்களைப் பத்திக் குறை சொல்லக் கூடாது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பதினாறாம் நாள் வரைக்கும் சரி, அந்த மரியாதை வேண்டும். அதற்குப் பிறகும் அதையே பிடித்துக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான். குறை இல்லாத தாத்தாவிடம் பேரன் கற்றுக்கொள்ள எதுவும் கிடையாது, கும்பிட்டுவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். தவறு செய்து, சிலதைத் திருத்திக்கொண்டு, சிலதில் பிடிவாதமாகவே இருந்த தாத்தாவிடம்தான் பாடம் இருக்கிறது.

நீண்ட ஆயுள் என்பதையும் நாம் தவறாகப் புகழ்கிறோம். தொண்ணூறு வருஷம் வாழ்ந்தது தன்னளவில் சாதனை இல்லை. பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-ல் இறந்த சுப்பிரமணிய சிவாவுக்கு வயது நாற்பதுதான். ஜெயிலில் தொற்றிய தொழுநோயோடு ஊர் ஊராக நடந்தவர். அந்த நாற்பது எந்தத் தொண்ணூறுக்கும் குறைவில்லை. நீண்ட ஆயுளின் உண்மையான பயன் வேறு: திருந்த நேரம் கிடைக்கிறது. 1938-ல் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜி, 1950-களின் கடைசியிலிருந்து இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆவதை எதிர்த்துப் பேசினார். அறுபதுகளில் முழுப் பலத்தோடு எதிர்த்தார். 1962-ல் 83 வயதில் அமெரிக்கா போய் அதிபர் கென்னடியைப் பார்த்து அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொன்னார். நாற்பதில் போயிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. இன்னொரு பக்கம், 1938-ம் 1953-ம்கூட நடந்திருக்காது! ஆயுள் இரண்டையும்தான் தரும்.

ராஜாஜி இறந்தபோது நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்து அழுதவர் பெரியார். அப்போது பெரியாருக்கு 93 வயது. கடவுள், சாதி, இந்தி, கல்வி என்று எல்லாவற்றிலும் எதிரெதிராக நின்றவர்கள். குலக்கல்வித் திட்டத்தைப் பெரியார் மறந்துவிட்டாரா? மன்னித்துவிட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டேதான் அழுதார். ராஜாஜிக்குக் கிடைத்த அஞ்சலிகளில் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. நினைவு என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, நம்ம தாத்தா?

"ராஜாஜி பெரிய மனுஷர், புத்தகம் எழுதலாம். எங்க தாத்தா செவ்வாய்ச் சந்தைக்கு மாடு ஓட்டினவர், அவரைப் பற்றி என்ன எழுத?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நிறைய இருக்கிறது என்பதே என் பதில். ராஜாஜியைப் பற்றி எழுத அரசாங்கக் கோப்பும் பத்திரிகையும் கடிதங்களும் இருக்கின்றன. உன் தாத்தாவுக்கு இருக்கிற ஒரே ஆவணம் அவர் வாய்தான். அதனால் அவசரம் உனக்குத்தான் அதிகம்.

கேட்க வேண்டியது "உங்க வாழ்க்கை வரலாறு சொல்லுங்க தாத்தா" என்று அல்ல. அப்படிக் கேட்டால் "என்னத்தச் சொல்றது சாமி" என்று முடித்துவிடுவார். கிணறு எந்த வருஷம் வெட்டினீங்க, எத்தனை அடியில் தண்ணி வந்தது, காசு யாரிடம் வாங்கினீங்க, எப்போ அடைச்சீங்க என்று கேளுங்கள். மலைக்கோயில் தேருக்கு வடம் பிடிக்க யாரை விட்டாங்க, யாரை விடலை? நீங்க அப்போ என்ன சொன்னீங்க? அத்தையை ஏன் எட்டாவதோடு நிறுத்தினீங்க? கடைசி இரண்டு கேள்விக்கும் உடனே பதில் வராது. வரும்வரை உட்கார்ந்திருங்கள். அதே கேள்வியைத் தனியாகப் பாட்டியிடமும் கேளுங்கள். பதில் வேறாக இருக்கும். இரண்டையும் எழுதுங்கள்.

பக்தி, குடும்பம், தொண்டு என்ற மூன்று சொற்களும் அப்போது தேவைப்படாது. கிணற்றின் ஆழம், கடனின் வட்டி, நிறுத்தப்பட்ட படிப்பு, திறந்துவிட்ட கதவு என்று உண்மையான தாத்தா வந்துவிடுவார். அவரைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளைகள் சில இடத்தில் பெருமைப்படுவார்கள், சில இடத்தில் கோபப்படுவார்கள். படட்டுமே. கோபப்படும் அளவுக்கு ஒருவரைத் தெரிந்திருப்பதும் ஒரு உறவுதான்.